ஜிம்மி ஏன் சொறிகிறான்?

பிள்ளைகளே, இந்த மாதக் கேள்வி கெடாவிலிருந்து, பாடாங் செராய் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருக்கிறது. கேட்டவள் நான்காம் ஆண்டு மாணவி.

அவள் வீட்டில் ஜிம்மி என்று ஒரு டெரியர் குட்டி. வயது மூன்று மாதம். ஜேக் ரஸ்ஸல் வகையாம். உடம்பெல்லாம் வெள்ளை, இடது காது மட்டும் பழுப்பு. ராத்திரி அஞ்சடியில் படுத்துக்கொண்டு, பின்னங்கால் பலகையில் ‘டக் டக் டக்’ என்று இடிக்க இடிக்கச் சொறிகிறானாம். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டு என்கிறார் பாட்டி. லோரிப் பட்டறையில் வடித்த கறுப்பு எண்ணெயைப் பூசு என்கிறார் பக்கத்து வீட்டுத் தாத்தா. மாட்டுக்குப் போடும் மருந்தில் கொஞ்சம் வாங்கி வரட்டுமா என்கிறார் சித்தப்பா. “எதைச் செய்வது மாமா?” என்று கேட்டிருக்கிறாள்.

கடிதத்தின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. “முதலில் அவனுக்கு ஏன் அரிக்கிறது?”

அந்த வரிக்காகவே அவளுக்கு ஒரு சபாஷ்! மருந்து கேட்பவர்கள் நிறையப் பேர். காரணம் கேட்பவர்கள் குறைவு. நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

உங்கள் பள்ளியில் நேரங்கெட்ட நேரத்தில் மணி விடாமல் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணியின் நாக்கில் துணியைச் சுற்றிவிட்டால் சத்தம் நின்றுவிடும். ஆனால் அடித்தது யார்? சிற்றுண்டிச் சாலையில் புகை வருகிறது என்று காவல்காரர் அடித்தாரா? இரண்டாம் ஆண்டுக் குறும்புக்காரன் அடித்தானா? அது தெரியாமல் துணியைச் சுற்றலாமா? அரிப்பு என்பது தோல் அடிக்கிற மணி. அடிப்பது யார் என்று கண்டுபிடித்தால்தான் ஜிம்மிக்கு நிம்மதி.

அந்த மணி எப்படி அடிக்கிறது? தோலுக்குள் காவல் செல்கள் இருக்கின்றன. பூச்சி கடித்து அதன் எச்சில் உள்ளே போனதும், இந்தச் செல்கள் ஹிஸ்டமின் போன்ற பொருள்களை வெளியே விடுகின்றன. மெல்லிய நரம்பு நுனிகள் அதை உணர்கின்றன. செய்தி முதுகுத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து மூளைக்கு ஏறுகிறது. தோல், நரம்பு, முதுகுத்தண்டு, மூளை. எங்கே, விரல் விட்டு ஒருமுறை சொல்லுங்கள் பார்ப்போம்.

நாய்களுக்கு ஹிஸ்டமின் மட்டும் அல்ல, இன்டர்லூகின்-31 என்ற இன்னொரு பொருளும் அரிப்பைக் கிளப்புகிறது. அதனால்தான் நமக்கு அரிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை நாய்களிடம் பெரும்பாலும் எடுபடுவதில்லை. அம்மாவின் மருந்துப் பெட்டியைத் திறக்க வேண்டாம். சரியா?

இப்போது ஒரு வேடிக்கை. ஜிம்மியின் விலாப்பக்கத்தை விரல் நுனியால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். பின்னங்கால் தானாகத் துடிக்கத் தொடங்கும், காற்றைச் சொறியும். ஜிம்மியோ எங்கேயோ பார்த்துக்கொண்டு வாயைத் திறந்து சிரித்தபடி இருப்பான். காலை ஆட்டுவது அவன் விருப்பம் அல்ல என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

நூறு வருடங்களுக்கும் முன்பே இதை ஒருவர் உட்கார்ந்து ஆராய்ந்தார். பெயர் சார்ல்ஸ் ஷெரிங்டன். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தில் பேராசிரியராக இருந்தவர். நாயின் தோலில் மிக மெல்லிய மின்சாரத்தைத் தொட்டுப் பார்த்தார். தெள்ளுப்பூச்சி ஊர்கிற மாதிரி உணர்வு வரவேண்டும் என்பதால் அந்தக் கருவிக்கு ‘மின்சாரத் தெள்ளு’ என்றே பெயர்! முதுகில் சேணம் போடுகிற அளவு இடத்தில் எங்கே தொட்டாலும் பின்னங்கால் அங்கே வந்தது. ஒரு விநாடிக்கு நான்கைந்து தடவை சொறிந்தது.

ஆச்சரியம் இதுதான்: மூளையிலிருந்து கட்டளை வர வழி இல்லாதபோதும் கால் சொறிந்தது. தாளம் போடுவது முதுகுத்தண்டே. அந்தக் காலத்துச் சோதனைகள் நாய்களுக்கு இதமானவை அல்ல என்பதையும் மாமா சொல்லியாக வேண்டும். 1906-ல் அவர் எழுதிய புத்தகம் நரம்பு அறிவியலுக்கே அடிப்படை ஆயிற்று. 1932-ல் நோபல் பரிசு வந்தது.

ஆகவே, “சும்மா இருடா ஜிம்மி!” என்று அதட்டாதீர்கள். அவன் அடங்காப்பிடாரி இல்லை. கால் அவன் பேச்சையே கேட்காது.

சரி, சொறிந்தால் சுகமாக இருக்கிறதே, சொறியட்டுமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. நகம் பட்டதும் சின்னதாக வலிக்கிறது. அந்த வலி கொஞ்ச நேரம் அரிப்பை அமுக்கிவிடுகிறது. வலியைத் தணிக்க மூளை செரொட்டோனின் என்ற பொருளை அனுப்புகிறது. அதுவோ அரிப்பு நரம்புகளையும் தட்டி எழுப்பிவிடுகிறது! 2014-ல் அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து இதைக் கண்டார்கள். சொறியச் சொறிய அரிக்கும் என்று நம் பாட்டிகள் சொல்வதற்கு இதுவே விளக்கம்.

இன்னொன்றும் உண்டு. நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. நமக்குப் பத்துக்கும் மேற்பட்ட அடுக்குச் செல்கள் இருக்கிற இடத்தில் நாய்க்கு 3 முதல் 5 அடுக்குதான். முடி அடர்ந்திருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. நகம் கீறிய இடத்தில் கிருமி புகுந்தால் புண், சீழ், வாடை. பிறகு கிருமியும் தன் பங்குக்கு மணி அடிக்கும்.

மணி அடிப்பவர்கள் யார் யார்? மூன்று மாதக் குட்டி என்றால் மாமா முதலில் சந்தேகப்படுவது தெள்ளுப்பூச்சியை.

இதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். வீட்டில் பேன் சீப்பு இருக்கிறதா? நெருங்கிய பல் உள்ள பழைய சீப்பு போதும். ஆனால் ஜிம்மிக்கு எடுத்ததைத் திரும்பத் தலையில் வைக்கக் கூடாது! ஒரு வெள்ளைத் தாளை நனைத்துத் தரையில் விரியுங்கள். ஜிம்மியை அதன்மேல் நிறுத்தி, வால் தொடங்கும் இடத்தில் முடியைச் சீவுங்கள். தாளில் கறுப்புத் துகள்கள் விழும். மண்ணாக இருந்தால் கறுப்பாகவே கிடக்கும். சிறிது நேரத்தில் துகளைச் சுற்றிச் சிவப்புக் கறை பரவினால், அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். சிவப்பு எங்கிருந்து வந்தது? யோசியுங்கள்.

ஆமாம், ஜிம்மியின் இரத்தம்தான். பூச்சி குடித்து, செரித்து, வெளியே விட்டது.

பூச்சி கண்ணில் படவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். அது 2 மில்லிமீட்டர் நீளம்தான். பக்கவாட்டில் தட்டையான உடம்பு. முடிகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஓடும். பிடிக்கப் போனால் ஒரே தாவல், ஒரு சாண் உயரம்! தன் உடம்பைப்போல் சுமார் 100 மடங்கு. இறக்கை இல்லாமல் எப்படி இது முடிகிறது?

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பதில் பிடிக்கும். தெள்ளுப்பூச்சியின் உடம்புக்குள் ரெசிலின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது ஒரு வகை ரப்பர்! பால்மரத்திலிருந்து வருவது அல்ல, பூச்சி தானே செய்துகொள்வது. தாவுமுன் அதை அமுக்கி வைத்துக்கொள்கிறது. விட்டதும் அது விரிந்து பூச்சியை எறிகிறது. தரையை எதனால் உந்துகிறது, முழங்காலாலா பாதத்தாலா என்று விஞ்ஞானிகள் நாற்பது வருடங்களுக்குமேல் சண்டை போட்டார்கள். 2011-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அதிவேகக் கேமராவில் படம் பிடித்துப் பார்த்தபோது, பாதத்தால்தான் என்று தெரிந்தது.

நம் நாய்களைக் கடிப்பது பெரும்பாலும் பூனைத் தெள்ளு என்ற இனம். பெயரில்தான் பூனை. நாய் கிடைத்தாலும் அதற்கு விருந்துதான்.

இனிச் சொல்லப் போவதை நன்றாகக் கவனியுங்கள். ஜிம்மியின் உடம்பில் இருக்கும் பூச்சிகள் மொத்தக் கூட்டத்தில் சுமார் 5 விழுக்காடுதான். மீதி 95 விழுக்காடும் எங்கே? வீட்டில்! அவன் படுக்கும் சாக்கில், அஞ்சடிப் பலகை இடுக்கில், படிக்கட்டுக்கு அடியில்.

ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டைகூட இடும். முட்டை வழவழப்பானது, முடியில் ஒட்டாது. ஜிம்மி நடக்கிற இடமெல்லாம் உதிரும். முட்டையிலிருந்து புழு வரும். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. இடுக்குக்குள் போய், பெரிய பூச்சிகள் போட்ட அதே கறுப்பு எச்சத்தைத் தின்று வளரும். பிறகு கூடு கட்டிக்கொள்ளும். கூடு பிசுபிசுப்பாக இருப்பதால் தூசி ஒட்டிக்கொள்ளும். பார்த்தால் தூசித் துணுக்கு மாதிரியே கிடக்கும்.

அந்தக் கூட்டுக்குள் பூச்சிக்கு அவசரமே இல்லை. மாதக்கணக்கில் காத்திருக்கும். தரை அதிர வேண்டும், சூடு வர வேண்டும், யாராவது விடுகிற மூச்சுக் காற்று படவேண்டும். அப்போதுதான் வெளியே வரும்.

தீபாவளி விடுமுறைக்கு ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டு நாயோடு ஈப்போவுக்குப் போகிறது. திரும்பி வந்து கதவைத் திறந்து நாலடி வைத்ததும் காலெல்லாம் கடி! “வெறும் வீட்டில் எங்கிருந்து வந்தது?” என்று திகைக்கிறார்கள். எங்கிருந்து என்று உங்களுக்கு இப்போது தெரியுமல்லவா? அவர்களுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம்.

குளிர் நாடுகளில் பனிக்காலம் வெளியே கிடக்கும் தெள்ளுகளைக் கொன்றுவிடும். கெடாவில் அந்த உதவி இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் வெயில் நெல்வயலைப் பிளக்கும், ஆனால் பனி விழுமா? வருடம் முழுக்கச் சூடும் ஈரமும். முட்டையிலிருந்து பூச்சி ஆக மூன்று வாரம் போதும். ஆகவே இந்த ஊரில் தெள்ளுக்கு விடுமுறை மாதம் என்று ஒன்று கிடையாது.

தாளில் சிவப்பு பரவவில்லையா? அப்படியானால் அடுத்த ஆளைப் பார்ப்போம். இவன் கண்ணுக்கே தெரியமாட்டான். சொறிப்பூச்சி. எட்டுக் கால். அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பெண் பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டி அதற்குள் முட்டையிடும். ‘சொறி நாய்’ என்று தெருவில் விரட்டுகிறோமே, பாவம், அந்த நாய்களில் பலவற்றின் துன்பத்துக்கு இதுதான் காரணம்.

இதைக் கண்டுபிடித்த கதை மாமாவுக்கு ரொம்பப் பிடிக்கும். 1687. இத்தாலியில் லிவோர்னோ என்ற துறைமுக ஊர். போனோமோ என்று ஒரு மருத்துவர், செஸ்தோனி என்று ஒரு மருந்துக் கடைக்காரர், இருவரும் நண்பர்கள். அந்த ஊர்த் தாய்மார்கள் பிள்ளைகளின் சிரங்கிலிருந்து ஊசி முனையால் ஏதோ ஒன்றைக் குத்தி எடுத்து நகத்தில் வைத்து நசுக்குவார்கள். படித்த மருத்துவர்கள் பலர் அதை மதிக்கவில்லை. இரத்தம் கெட்டுப்போனதால் வருகிற நோய் என்றார்கள். இந்த இரண்டு பேரும் அம்மாக்கள் எடுத்ததை வாங்கி நுண்ணோக்கியில் வைத்தார்கள். கால்களோடு ஒரு உயிர் நகர்ந்தது! அது முட்டை போடுவதையும் பார்த்தார்கள். படம் வரைந்து கடிதமாக எழுதினார்கள். அப்படியும் உலகம் அதை முழுதாக நம்ப ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

ஜிம்மிக்கு வருவது அதன் நாய் வகை. காது விளிம்பு, முழங்கை, வயிறு, இந்த இடங்களில் முடி கொட்டிப் பொருக்குத் தட்டும். இரவில் தூங்கவே முடியாத அரிப்பு. கால்நடை மருத்துவர் ஒரு வித்தை செய்வார், பாருங்கள். காது மடலின் நுனியை மடித்துக் காதோடு காதாகத் தேய்ப்பார். பின்னங்கால் உடனே துடித்தால் சொறிப்பூச்சி என்று சந்தேகம் வலுக்கும். ஷெரிங்டன் பார்த்த அதே கால்!

பிறகு மழுங்கிய கத்தியால் தோலை லேசாகச் சுரண்டி, எண்ணெய்த் துளியில் வைத்து நுண்ணோக்கியில் தேடுவார். பல சமயம் அகப்படாது. பூச்சி குறைவாக இருந்தாலே போதும், அரிப்பு பயங்கரமாக இருக்கும். அதனால் அகப்படாவிட்டாலும் அறிகுறியைப் பார்த்து மருந்து கொடுப்பார்.

ஜிம்மியைக் கட்டிக்கொண்டு தூங்குகிற பிள்ளைக்கும் கையிலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளிகள் வரலாம். பயம் வேண்டாம். நாய்ச் சொறிப்பூச்சி மனிதத் தோலில் குடும்பம் நடத்தாது. ஜிம்மிக்குக் குணமானதும் இதுவும் போய்விடும். கிளினிக்கில் மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். “வீட்டில் யாருக்காவது அரிக்கிறதா?” என்று மருத்துவர் கேட்பது சும்மா இல்லை.

டெமோடெக்ஸ் என்ற இன்னொன்று முடியின் வேரில் வாழும். பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்தே குட்டிக்கு வந்துவிடும். அநேகமாக எல்லா நாய்களிடமும் கொஞ்சம் உண்டு. சில குட்டிகளுக்குக் கண்ணையும் வாயையும் சுற்றி முடி கொட்டும். ஆனால் அதிகம் அரிக்காது. வட்ட வட்டமாக முடி கொட்டினால் படையாக இருக்கலாம். அது பூஞ்சை, பிள்ளைகளுக்கும் தொற்றும். தலையை உதறிக்கொண்டே இருந்து, காதுக்குள் கறுப்பு அழுக்கு சேர்ந்தால் காதுப் பூச்சி. உண்ணியை நீங்களே பார்த்திருப்பீர்கள், காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்துப் பருத்திருக்கும். வயிறு முழுக்கத் திடீரென்று சிவந்தால், லாலாங் புல்லுக்குள் புரண்டானா என்று கேளுங்கள். அங்கேயும் கடிக்கிற சிற்றுயிர்கள் உண்டு.

டெரியருக்கு இதெல்லாம் கொஞ்சம் கூடுதலாக வருவதில் வியப்பில்லை. இங்கிலாந்தில் டெவன் பக்கத்துப் பாதிரியார் ஜான் ரஸ்ஸல் இந்த வகையை வளர்த்ததே நரி வளைக்குள் தலையைவிட்டுக் குரைப்பதற்காகத்தான். இங்கே நரி வளை இல்லாவிட்டால் என்ன, எலி வளை இல்லையா? செம்பனைத் தோட்டத்தில் எலி தின்பதற்காகக் கம்பம் நட்டுக் கூகைக்குப் பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூகைக்குப் போட்டியாக ஜிம்மி வளை வளையாக மூக்கை நுழைக்கிறான். எலி கிடைக்கிறதோ இல்லையோ, எலியின் பூச்சிகள் கிடைக்கும்.

இன்னொரு காரணம் டெரியர்களின் பிறவியிலேயே இருக்கிறது. ஒவ்வாமை. வீட்டுத் தூசிப் பூச்சி, பூந்தாது, பூஞ்சைத் துகள் இவை நமக்குத் தும்மலைக் கொடுக்கும். நாய்க்கோ அரிப்பைக் கொடுக்கும். பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும், முகத்தைப் பாயில் தேய்க்கும், அக்குள் சிவக்கும். ‘வெஸ்ட்டி’ என்கிற வெள்ளை டெரியருக்கு இது மிகவும் சகஜம், ஜேக் ரஸ்ஸலுக்கும் வரும். ஆனால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குப் பிறகு, மூன்று வயதுக்குள்தான் தலைகாட்டும். ஜிம்மிக்கு மூன்றே மாதம். அதனால்தான் மாமா பூச்சியை முதலில் பிடித்தேன்.

இனி அந்த வைத்தியங்களுக்கு வருவோமா?

பாட்டியின் வேப்பிலைத் தண்ணீர். ஆறவைத்துக் குளிப்பாட்டினால் கெடுதல் இல்லை. தோலுக்கு இதமாக இருக்கும். ஆனால் தெள்ளும் சொறிப்பூச்சியும் அதற்கெல்லாம் ஒழியாது. வேப்பெண்ணெயை அப்படியே பூசுவது வேறு விஷயம், குட்டி நக்கினால் வாந்தி வரும். மஞ்சள் பூசினால் வெள்ளை ஜிம்மி மஞ்சள் ஜிம்மி ஆவான், அவ்வளவுதான்.

கறுப்பு எண்ணெய். வேண்டவே வேண்டாம்! இதில் மாமா கறார். எஞ்சினில் ஓடித் தேய்ந்த எண்ணெயில் உலோகத் துகளும் பெட்ரோலிய நச்சும் இருக்கின்றன. அவை தோல் வழியாக உள்ளே போகும். நக்கினால் வயிற்றுக்கும் போகும். ஈரலும் சிறுநீரகமும் கெடும். பூச்சி மூச்சுமுட்டிச் சாகும் என்று தாத்தா சொல்வது பாதி உண்மை. பூச்சியோடு குட்டியும் போய்விட்டால்? மண்ணெண்ணெயும் அப்படித்தான், தோலைப் பொசுக்கிவிடும். அந்தக் காலத்தில் தோட்டத்தில் நாய்க்கு மருத்துவர் என்று யார் வந்தார்கள்? கையில் கிடைத்ததைப் பூசினார்கள். தாத்தாவைக் குறை சொல்ல வேண்டாம். “இப்போது நல்ல மருந்து வந்துவிட்டது தாத்தா” என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

சித்தப்பா சொன்ன மாட்டு மருந்துக்குப் பின்னால் பெரிய கதையே இருக்கிறது. ஜப்பானில் சத்தோஷி ஓமுரா என்ற விஞ்ஞானி மண் பொறுக்குபவர். போகிற இடத்தில் எல்லாம் சின்னப் பையில் மண் எடுத்துவருவார். 1970-களில் கவானா என்ற ஊரில், கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அது சுரந்த பொருளை அமெரிக்காவில் வில்லியம் காம்ப்பெல் என்பவரின் குழு சோதித்தது. புழுக்களையும் பூச்சிகளையும் ஒழிக்கும் ஐவர்மெக்டின் பிறந்தது. முதலில் ஆடுமாடுகளுக்கு, பிறகு ஆப்பிரிக்காவில் கண்பார்வையைப் பறிக்கும் ஒரு நோய்க்கு. 2015-ல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு.

நாய்களுக்கும் இதைக் கொடுப்பது உண்டு. ஆனால் மாட்டின் எடை என்ன, ஜிம்மியின் எடை என்ன? 400 கிலோ மாட்டுக்காகக் கலந்து வைத்த மருந்தில் துளி கூடினாலும் 2 கிலோக் குட்டிக்கு நடுக்கம், மயக்கம், சில சமயம் உயிரே போகும். கோலி போன்ற சில இன நாய்களுக்குச் சாதாரண அளவே ஆபத்து. “மருந்து ஒன்றுதானே” என்பது சரி, அளவு ஒன்று இல்லையே சித்தப்பா!

இப்போது இன்னும் எளிய வழி இருக்கிறது. மென்று தின்கிற மாத்திரை. இறைச்சி வாசனை அடிக்கும், ஜிம்மி மிட்டாய் என்று நினைத்து விழுங்குவான். மருந்து இரத்தத்தில் கலந்திருக்கும். அந்த இரத்தத்தைக் குடிக்கிற தெள்ளு, உண்ணி, தோலுக்குள் இருக்கும் சொறிப்பூச்சி எல்லாவற்றின் நரம்பும் கட்டுக்கடங்காமல் துடித்து அவை செத்துப்போகும். நாயின் நரம்பில் அது அவ்வளவு இறுக்கமாக ஒட்டாது. வகையைப் பொறுத்து ஒரு மாதம் அல்லது மூன்று மாதம் வேலை செய்யும். வலிப்பு வந்த நாயாக இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லவேண்டும். குட்டியின் வயதையும் எடையையும் பார்த்துத்தான் கொடுப்பார். சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் கிளினிக்குகள் உண்டு. தோட்டத்திலிருந்து அதிக தூரம் இல்லை.

மாத்திரை கொடுத்தாச்சு, வேலை முடிந்ததா? அந்த 95 விழுக்காட்டை மறந்துவிட்டீர்களே! ஜிம்மியின் சாக்கைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். அஞ்சடிப் பலகை இடுக்கை ஈர்க்குமாறால் கீறிக் கீறிப் பெருக்குங்கள். பெருக்கியதைப் பையில் கட்டி அன்றே வெளியே போடுங்கள். கூட்டுக்குள் இருப்பவை வாரக்கணக்கில் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். ஆகவே மருந்து கொடுத்த பிறகும் புதுப் பூச்சி தெரிந்தால் “மருந்து சரியில்லை” என்று முடிவுகட்டாதீர்கள். சொறிப்பூச்சி என்றாலும் அரிப்பு அடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். பூச்சி செத்தாலும் அதன் உடம்பு தோலுக்குள் கிடக்கிறதல்லவா?

அதுவரை ஜிம்மிக்கு இதம் தருவது உங்கள் பொறுப்பு. நகத்தைப் பெரியவர்களைக்கொண்டு நறுக்குங்கள். ஓட்ஸை மாவாக அரைத்து, மெல்லிய துணியில் முடிந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பிழியுங்கள். பால்போல் வரும். அதை உடம்பில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ஓட்ஸில் உள்ள சில பொருள்கள் அரிப்பைத் தணிக்கும். கொதிக்கிற தண்ணீர் கூடாது, சூடு அரிப்பைக் கிளப்பும். உங்கள் சோப்பும் கூடாது. நம் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோல் அப்படி இல்லை. நாய்க்கென்று விற்கும் ஷாம்பு போதும், அதையும் தினம் போடவேண்டாம். தம்பிப் பாப்பாவுக்குப் பூசும் வெள்ளைக் களிம்பை ஜிம்மிக்குப் பூசாதீர்கள். அதில் துத்தநாகம் இருக்கும், நக்கினால் விஷம்.

வீட்டில் பூனை இருக்கிறதா? தெள்ளு இருந்தால் பூனைக்கும் மருந்து வேண்டும். ஆனால் நாய்க்கு முதுகில் ஊற்றுகிற மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் அதைத் தாங்கும், பூனை தாங்காது, செத்தே போகலாம். பூனைக்குத் தனி மருந்து கேட்டு வாங்குங்கள்.

கிளினிக்குக்குப் போகிற அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி எப்போது போடலாம் என்றும் கேட்டுவிடுங்கள். மூன்று மாதம் அதற்குச் சரியான வயது. 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்று மாநிலங்களிலும் அந்த நோய் தலைகாட்டியது. பாடாங் செராய்த் தங்கமே, வெள்ளைத் தாள் சோதனையைச் செய்துவிட்டு என்ன நிறம் வந்தது என்று எழுது. தாளைக் காயவைத்து உறையில் போட்டு அனுப்ப வேண்டாம், படம் வரைந்து அனுப்பினால் போதும்.